ச்சீ, உவ்வே, கிமோய்

முதல்லயே சொல்லிடறேன். இந்தப் பதிவு கொஞ்சம் நாறும். சாப்பிட்டுக்கிட்டே படிக்கற பழக்கம் உள்ளவங்க கையைக் கழுவிட்டு வந்து படிங்க. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

2004-ல ஆணி புடுங்கறதுக்காக டோக்கியோவுல இருந்தேன். ஆபீஸ் கேண்டீன்ல ஒருநாள் பக்கத்து சீட்டு ஜப்பான்காரர், என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர், ஒரு சின்ன டப்பாவை என் பக்கம் தள்ளி வச்சார். நாத்தோ. சோயா பீன்ஸை வேகவச்சு நொதிக்க விட்ட ஐட்டம். குச்சியால கிளறினா நூல் நூலா இழையும். வாசம் எப்படின்னா, நவராத்திரி சுண்டலை டிபன் பாக்ஸ்ல போட்டு மூடி, மறந்துபோய் மூணாம் நாள் திறந்தா வருமே, அதேதான். நம்மூர்ல அதுக்குப் பேரு ஊசிப்போனது. அங்க அதுக்குப் பேரு காலைச் சாப்பாடு.

என்னையறியாம "உவ்வே"ன்னுட்டேன். சுத்தி இருந்தவங்க எல்லாரும் சிரிச்சுட்டாங்க. ஏன்னா ஜப்பான்காரனுக்குக் குமட்டினாலும் வர்ற சத்தம் கிட்டத்தட்ட இதேதான், "ஒஎ". தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு இருக்குன்னு பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) வருஷக்கணக்கா எழுதினார். மொழியியல்காரங்க பெரும்பாலும் ஒத்துக்கலை. ஆனா வாந்தி விஷயத்துல உலகமே ஒரே மொழிக் குடும்பம்தான்னு எனக்கு அன்னிக்குத் தெரிஞ்சது :-)

அன்னிலேர்ந்து அவர் எனக்கு வாத்தியார். கம்பெனி செலவுல கத்துக்கிட்ட ஜப்பானிய மொழியில "தயவு செய்து", "மன்னிக்கவும்" மட்டும்தான் இருந்தது. அவர் சொல்லிக் கொடுத்ததுதான் நிஜமான மொழி. எரிச்சல் பண்றவன் "உசாய்". நாத்தம் "குசாய்". அழுக்கு "கிதனாய்". கோபம் வந்தா "முகத்ஸுகு". அதுக்கு மூல அர்த்தம் வயித்தைப் புரட்டறது. நமக்கு வயிறு எரிஞ்சா பொறாமை, அவங்களுக்கு வயிறு புரட்டினா கோபம். மனுஷனோட மனசு எந்த ஊரா இருந்தாலும் வயித்துலதான் இருக்கு போல.

எல்லாத்துக்கும் மேல ஒரு வார்த்தை, "கிமோய்". பல்லி விழுந்தா கிமோய், பழைய சாக்ஸ் கிமோய், மசாலாப் படத்துல ஹீரோ வழிஞ்சா கிமோய். "கிமோச்சி வருய்"ங்கறதைச் சுருக்கினது. கிமோச்சின்னா உணர்வு, வருய்னா கெட்டது, சரியில்லாதது. "எனக்கு ஒரு மாதிரியா இருக்கு"ன்னு நாம சொல்றோமே, கிட்டத்தட்ட அது. பஸ்ல தலை சுத்தினாக்கூட அந்த நீட்டு வார்த்தையைச் சொல்லலாம். சுருக்கினதைச் சொல்ல முடியாது.

இது எனக்குப் புரிஞ்சது ஒரு சனிக்கிழமை ராத்திரி. கடைசி ரயில். எதிர் சீட்டுல ஒரு பெரியவர், நல்லா குடிச்சிருக்கார், கோட்டு முழுக்க வாந்தி. புது வார்த்தை கத்துக்கிட்ட ஜோர்ல நான் மெதுவா "கிமோய்"ன்னேன். வாத்தியார் முகம் சுருங்கிப் போச்சு. ரெண்டு ஸ்டேஷன் பேசவே இல்ல. அப்புறம் சொன்னார்: "பொருளைச் சொல்லுங்க. ஆளைச் சொல்லாதீங்க. ஸ்கூல்ல பசங்க ஒருத்தனை ஒதுக்கி வைக்க இந்த வார்த்தையைத்தான் எடுக்கறாங்க." இன்னொண்ணும் சொன்னார். நீட்டு வார்த்தைல கெட்டுப் போறது என்னோட உணர்வு. வெட்டிச் சின்னதாக்கி ஒருத்தர் மேல எறிஞ்சா கெட்டவன் அவனாயிடறான்.

இந்த விஷயத்துல தமிழ் எவ்வளவு நுணுக்கமான மொழின்னு அப்பதான் யோசிச்சுப் பார்த்தேன். "எனக்குக் குமட்டுது." குமட்டல் என் கணக்குல வரவு. "ச்சீ." அது எதிராளி கணக்குல பற்று. ரெண்டுக்கும் நடுவுலதான் நாம எல்லாரும் குடித்தனம் பண்றோம்.

நான் கடலூர் ஓ.டி.காரன். முதுநகர்னு போர்டுல எழுதியிருக்கும், யாரும் அப்படிச் சொல்றதில்ல. துறைமுகம், மீன், கருவாடு, உப்பனாறு. அங்க பொறந்தவனுக்கு மூக்கு சீக்கிரமே பழகிடும். எங்க ஆயா மூக்கு வேற லெவல். வாசல்ல உட்கார்ந்துக்கினே பத்து வீட்டு அடுப்புல என்ன கொதிக்குதுன்னு சொல்லும். எந்த நாத்தத்துக்கும் ஆயாகிட்ட தனிப் பேர் உண்டு. மீன்ல வர்றது கவுச்சி. பழைய எண்ணெயில வர்றது சிக்கு வாடை. மழைல காயாத துணி மக்கல். குளிக்காத ஆட்டுக்கிட்டயும் குளிக்காத என்கிட்டயும் வர்றது மொச்சை. நேத்து சோறு ஊசல், தோசைமாவு புளிச்ச வாடை, அடிப்பிடிச்சா தீஞ்ச வாடை. ஒண்ணுக்கொண்ணு மாத்திச் சொன்னா கோவம் வந்துடும். "இன்னாடா, கவுச்சிக்கும் ஊசலுக்கும் வித்தியாசம் தெரியாம நீ இன்னா படிச்சிக் கிழிக்கிற?"

ஒண்ணு கவனிச்சிருக்கேன். ஆயா வாயில "ச்சீ" வந்து நான் கேட்டதே இல்ல. "இன்னா வாடை இது"ன்னு கேட்டு, எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிச்சு, பேர் வச்சு, தூக்கி வெளிய போட்டுட்டுப் போயிடும். ச்சீ சொல்றது வேலை செய்யாதவங்க பழக்கம்னு நினைச்சதோ என்னவோ.

வார்த்தைகளும் ஒரே வாசத்துலயே நிக்கறதில்ல. நாற்றம்னா ஒரு காலத்துல நறுமணம்தான். ஆண்டாள் சங்கைக் கூப்பிட்டு, திருமால் வாயோட மணம் எப்படின்னு கேக்கறப்போ போட்ட வினைச்சொல் "நாறு". இன்னிக்கு அதைப் போய் யாரோட வாயைப் பத்தியாவது சொல்லிப் பாருங்க. "தூ"ங்கறது தூய்மை. அதே எழுத்தைக் காறித் துப்பற சத்தமாவும் வச்சிருக்கோம். "கண்றாவி"ங்கறது கண்ணை அரம் வச்சு அராவற மாதிரியான காட்சி, பரிதாபமான காட்சிங்கற அர்த்தமும் உண்டு. நாம மாமியார் கட்டின புடவைக்குச் சொல்றோம். ஆபாசம்ங்கறது வடமொழில வெறும் தோற்றம், சாயல். இங்க வந்து கெட்டுப்போச்சு. "ச்சீ" கதைதான் இன்னும் விசேஷம். சினிமால ஹீரோயின் ஹீரோவைப் பார்த்து "ச்சீ, போங்க"ன்னா அடுத்த சீன்ல டூயட். பஸ்ல ஒருத்தனைப் பார்த்து அதே ச்சீயை அரை மாத்திரை குறைச்சுச் சொன்னா செருப்படி. இதை எந்த அகராதி வச்சு ஒரு ஜப்பான்காரருக்குச் சொல்லிக் கொடுக்கறது? ரெண்டையும் நடிச்சே காட்டினேன். ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னார். எங்க வீட்டுக்காரம்மாவும் அதையேதான் சொல்றாங்க.

சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

1996-லேர்ந்து 2000 வரைக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இன்ஜினியரிங். ஓ.டி.யில ஏறி சிதம்பரத்துக்கு தினம் பஸ். ஹாஸ்டல் பசங்க வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்குவாங்க. ஒருத்தன் கேட்டான்னு ஆயா நெத்திலிக் கருவாடு வறுத்து, வாழை இலையில சுத்தி, அதுமேல பேப்பர் சுத்தி, அதுமேல பிளாஸ்டிக் பை போட்டுக் கொடுத்துச்சு. கருவாடு இந்த மாதிரி கட்டுக்காவலுக்கெல்லாம் அடங்கற ஜாதி இல்லையே. ஆலப்பாக்கம் தாண்டறதுக்குள்ள பஸ் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. எனக்கு முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தாங்க. பையைப் பார்க்கல. என் முகத்தைப் பார்த்துதான் "ச்சீ"ன்னாங்க. புதுச்சத்திரத்துல எழுந்து போய் படிக்கட்டுல நின்னுட்டேன். எனக்குப் பசி கிளப்பற வாசம் அது. பி.முட்லூர் வரும்போது எனக்கே அது நாற ஆரம்பிச்சிடுச்சு. அதுதான் அந்த வார்த்தையோட வேலை.

அதே பஸ், அதே ரோடு. ஓ.டி. தாண்டி அஞ்சு பத்து நிமிஷத்துல சிப்காட் வந்துடும். 1980-களில் வந்த ரசாயனத் தொழிற்பேட்டை, ஒரு பக்கம் ரோடு, மறு பக்கம் உப்பனாறு. அந்த இடம் வந்ததும் சொல்லிவச்ச மாதிரி கர்சீப்பெல்லாம் மூக்குக்குப் போகும். பக்கவாட்டு ஷட்டரெல்லாம் மடமடன்னு இறங்கும். அழுகின முட்டை மாதிரி வந்தா அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகின முட்டைக்கோஸ் மாதிரி வந்தா மெர்காப்டன். கெமிஸ்ட்ரி லேப் போகாமலே எங்களுக்கு பிராக்டிகல் நடந்துடும். ஒருநாள் காலேஜ் பையன் ஒருத்தன் சத்தமா "ச்சீ, எப்படித்தான் இங்க மனுஷங்க இருக்காங்களோ"ன்னான். அப்பதான் அந்த ஸ்டாப்புல கூடையோட ஏறின ஒரு அக்கா, டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக்கிட்டே, தலையைக்கூடத் தூக்காம சொன்னாங்க: "மூக்கு உனக்கு மட்டும்தான் இருக்குதா தம்பி?"

பஸ்ல ஒரு சத்தம் இல்ல. பையன் இறங்கற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பினவன் திரும்பினவன்தான். என் கர்சீப்பும் மடியில இறங்கிடுச்சு.

ஹைட்ரஜன் சல்ஃபைடுகிட்ட ஒரு குணம் இருக்கு. கொஞ்சமா இருந்தா நாறும். அளவு ரொம்ப கூடிட்டா மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. ஆபத்து அதிகமாகும்போது எச்சரிக்கை மணி நின்னுடும். அதனால அந்த அக்காங்க, அண்ணன்கள் வேற வழி பண்ணினாங்க. 2004-ல, அதாவது நான் டோக்கியோவுல நாத்தோவைப் பார்த்து உவ்வேன்னுட்டு இருந்த அதே வருஷம், சிப்காட் சுத்து கிராமத்து ஜனங்க பயிற்சி எடுத்துக்கிட்டு, ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள்ள பையை வச்சு காத்தைப் பிடிச்சு, வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. இருபதுக்கும் மேல ரசாயனங்கள் இருந்ததா ரிசல்ட் வந்தது, புற்றுநோய் உண்டாக்கக் கூடியதும் அதுல சேர்த்தி. எப்ப வந்தது, எந்தப் பக்கக் காத்து, எது மாதிரி நாறுச்சுன்னு அவங்க குறிச்சு வச்சதைப் படிச்சப்போ எனக்கு எங்க ஆயா ஞாபகம்தான் வந்தது. ச்சீன்னு சொல்லிட்டு ஷட்டரை இறக்கல. பேர் வச்சிருக்காங்க.

ஆனா நாத்தம் ஃபேக்டரியோட நிக்காதே. எங்க சொந்தத்துலயே ஒரு வரன் பேச்சு வந்தப்போ, "அந்த ஊர்லயா பொண்ணு குடுக்கறது? நாத்தம் புடிச்ச ஊரு"ன்னு ஒரு பெரியப்பா முடிச்சு வச்சார். பையன் தங்கமானவன். ஜப்பான்லயும் இதே கதைதான். ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கப்புறம் யோகோஹாமாவுக்குக் குடிபோன ஒரு சின்னப் பையனை ஸ்கூல்ல "கிருமி"ன்னு கூப்பிட்டுப் படுத்தினது 2016-ல வெளிய வந்து பெரிய விஷயமாச்சு. அந்தச் செய்தியைப் படிச்சப்போ கடைசி ரயில்ல வாத்தியார் பேசாம வந்த ரெண்டு ஸ்டேஷன் ஞாபகம் வந்தது.

இவ்வளவு நேரம் ஊர்ல இருக்கறவங்க ச்சீயையெல்லாம் சொன்னேன். என்னோடதையும் சொல்லணும் இல்லையா. இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

1999-ல ஆயாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சு குழறிப்போச்சு. படுத்த படுக்கை. எல்லாம் அம்மாதான் பார்த்துக்கிட்டாங்க. ஆவணி மாசம், முகூர்த்த நாள், திருவந்திபுரத்துல சொந்தக்காரங்க கல்யாணம். அம்மா போயே ஆகவேண்டிய கல்யாணம். "மூணு மணி நேரம்டா, பார்த்துக்கோ"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஒரு மணி நேரத்துல ஆயா படுக்கைலயே வெளிக்கிப் போயிடுச்சு.

எனக்கு இருபது வயசு. தண்ணி, துணி, டெட்டால் எல்லாம் எடுத்து வச்சேன். புடவையை விலக்கினேன். அப்ப வந்துடுச்சு.

"ச்சீ."

பெருசா சொல்லல. மெதுவாத்தான். ஆனா ஆயாவுக்குக் காது நல்லா கேக்கும். என்னைப் பார்த்துது. அப்புறம் நல்லா இருந்த இடது கையை ஊணி, எவ்வளவு கஷ்டப்பட்டுதோ, முகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிச்சு. நான் சுத்தம் பண்ணி முடிக்கற வரைக்கும் திரும்பல. முடிச்சுட்டு "ஆயா"ன்னேன். பதில் இல்ல.

அதுக்கப்புறம் அம்மா வெளிய கிளம்பற நாள்ல ஆயா தண்ணி குடிக்காது. கஞ்சியும் வேணாம்னு தலையாட்டும். அம்மாவுக்குக் காரணம் தெரியல, டாக்டர்கிட்ட கேட்டாங்க. எனக்குத் தெரியும். சொல்லல. தை மாசம் ஆயா போயிடுச்சு.

அந்த வருஷம் ஏப்ரல் வாக்குல, அண்ணாமலை நகர்ல தமிழ் எம்.ஏ. படிச்சுக்கிட்டிருந்த நண்பன் ரூம்ல உட்கார்ந்திருந்தேன். அவன் பரீட்சைக்கு மெய்ப்பாட்டியல் உருப்போட்டுக்கிட்டிருந்தான். தொல்காப்பியம் சொல்ற எட்டு மெய்ப்பாடு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அதுல இளிவரல்னா என்னடான்னேன். "அருவருப்பு மாதிரிதான், இழிவுன்னு உரைக்காரங்க சொல்வாங்க"ன்னான். வடமொழி நாட்டிய சாஸ்திரத்துல இதுக்கு ஈடான பீபத்ஸத்துக்கு, பிடிக்காத, அசிங்கமான விஷயங்களைப் பார்க்கறது, கேக்கறதுன்னு காரணம் வரும். தமிழ்லயும் பிணம், மலம், சாக்கடைன்னு ஏதாவது வரும்னு நினைச்சேன். அவன் படிச்ச நாலு காரணம்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை.

அவ்வளவுதான். ஒரு குப்பை இல்ல, ஒரு புழு இல்ல. வயசாகறது, நோவுல விழறது, கஷ்டப்படறது, வலுவில்லாம போறது. "இதெல்லாம் பார்க்கறவனுக்கு வர்றதாடா?"ன்னு கேட்டேன். அவன் அடுத்த பாட்டுக்குப் போற அவசரத்துல, "ரெண்டும்தான். அடுத்தவங்ககிட்ட கண்டும் வரும், தன்கிட்டயே கண்டும் வரும்"னு சொல்லிட்டுப் பக்கத்தைத் திருப்பிட்டான். எனக்கு அந்தச் செவுரு ஞாபகம் வந்துடுச்சு. டீ குடிச்சுட்டு வர்றேன்னு எழுந்து போய், சிதம்பரம் ஸ்டேஷன்ல ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

(ஜப்பான்காரங்க மூப்போட வாசத்துக்கே "கரெய்ஷூ"ன்னு பேர் வச்சிருக்காங்க. ஷிசேடோங்கற அழகுசாதனக் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் 2001-ல ஒரு கட்டுரை போட்டாங்க. 2-நோனெனல்னு ஒரு பொருள், அவங்க சோதிச்சதுல நாப்பது வயசுக்கு மேற்பட்டவங்க உடம்பு வாசத்துல மட்டும் இருந்துதாம். அதைப் போக்கறேன்னு சோப்பெல்லாம் அங்க விக்கறாங்க. எனக்கும் நாப்பது தாண்டிடுச்சு. பையன் என் தலகாணியை மோந்து பார்த்துட்டு மூஞ்சைச் சுளிக்கறான். என் ஸ்டாக் நோனெனல் வந்து சேர்ந்தாச்சு போல.)

போன வருஷம் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு படுக்கையில கிடந்தார். எழுபத்தெட்டு வயசு. வேலைக்கு லீவு போட்டுட்டு ஓ.டி. வீட்டுல ரெண்டு மாசம் இருந்தேன். அதே ரூம், அதே செவுரு, கட்டில் மட்டும் வேற. முதல் நாள் டயப்பர் மாத்தறப்போ எனக்குக் குமட்டத்தான் செஞ்சது. வயசான பக்குவத்துல மூக்கு ஒண்ணும் மாறிடல. பல்லைக் கடிச்சுக்கிட்டு, வாயால மூச்சு விட்டுக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிக்கிட்டிருந்தேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாத்தமா இருக்குதாடா?"

அவர் தலை மெல்ல செவுத்துப் பக்கம் சாயற மாதிரி இருந்தது. இல்லப்பான்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், "இருக்குப்பா. எனக்குக் கொஞ்சம் குமட்டுது. மூக்கு இருக்கே, என்ன பண்றது"ன்னேன்.

"எனக்குந்தான் இருக்கு"ன்னார் அப்பா. "அந்த ஜன்னலைத் தொறந்து வை."

திறந்தேன். துறைமுகப் பக்கத்துலேர்ந்து காத்து. "கவுச்சி"ன்னார் அப்பா, ரொம்பத் திருப்தியா.